பகலில் அனல்மின் நிலையத்தை அணைத்துவிட்டு சாயங்காலம் பற்றவைக்க முடியாதா?

கேட்டவர் சொல்வது இதுதான்: தமிழ்நாட்டில் காற்றாலையும் சோலாரும் சேர்ந்து 20,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டன. 2024 மே 2 அன்று மாநிலம் தொட்ட உச்சத் தேவையே 20,830 மெகாவாட்தான். அப்படியானால் வெயில் காயும் பகலிலாவது அனல்மின் நிலையங்களை அணைத்துவிட்டு, பொழுது சாய்ந்ததும் பற்றவைத்தால் என்ன? முடியாதா, இல்லை முடிந்தும் கரி லாபி விடவில்லையா? கடைசியில் இன்னொரு வரியும் சேர்த்திருக்கிறார்: மாடியில் 3 கிலோவாட் பேனல் போட்டிருக்கிறேன், இனி என் வீட்டில் எரிவது கரி கரன்ட்டா, வெயில் கரன்ட்டா?

இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. கரி எரிக்கும் யூனிட்டைத் தினமும் அணைத்துப் பற்றவைக்க முடியுமா என்பது இயந்திரத்தைப் பற்றிய கேள்வி. பகலில் மட்டும் கரியை நிறுத்தினால் கணக்கு சரியாக வருமா என்பது மாநிலத்தின் 24 மணி நேரத்தைப் பற்றிய கேள்வி. முதலாவதற்கு என்னால் நிறையப் பேச முடியும். 210 மெகாவாட் யூனிட்டுகள் (ஒரு பாய்லரும் ஒரு டர்பைனும் சேர்ந்தது ஒரு யூனிட்) உள்ள ஒரு நிலையத்தில் இருபத்தொன்பது வருஷம் இருந்தேன். முதல் பாதி ஷிப்டில், பாய்லர் ஆபரேஷனில். மீதி பாய்லர் பராமரிப்பில். கட்டண விசாரணை, மின்சார ஒப்பந்தம் பக்கமெல்லாம் நான் போனதில்லை. அது பற்றி எழுதும் இடத்தில் கொஞ்சம் தள்ளி நின்றுதான் பேசுவேன்.

இயந்திரத்திலிருந்தே தொடங்கலாம். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அனல்மின் நிலையம் என்றால் புகைபோக்கிதான் தெரியும். உள்ளே இருப்பவனுக்கு அது பாய்லர். 210 மெகாவாட் யூனிட்டின் பாய்லர் பதினைந்து மாடிக்கு மேல் உயரம். வேடிக்கை என்னவென்றால் அது தரையில் உட்கார்ந்திருக்கவில்லை. மேலே இரும்புச் சட்டத்திலிருந்து மொத்தமாகத் தொங்குகிறது. ஆறிக் கிடந்த பாய்லர் முழுச் சூட்டுக்கு வரும்போது அரை அடிக்கு மேல் கீழ்நோக்கி நீளும். நீள இடம் வேண்டும் என்றுதான் தொங்கவிட்டிருக்கிறார்கள். அடிவாய் ஒரு தண்ணீர்த் தொட்டியில் முங்கியிருக்கும். ஏறி இறங்கினாலும் வெளிக்காற்று உள்ளே போகாமல் இருக்க அந்த ஏற்பாடு.

உச்சியில் டிரம் என்று ஒன்று. சுமார் ஐந்து அங்குலத் தடிமன் கொண்ட எஃகு உருளை. அதற்குள் சதுர சென்டிமீட்டருக்கு 150 கிலோ அளவு அழுத்தத்தில் தண்ணீரும் நீராவியும் இருக்கும். நம் கார் டயரில் இருப்பது 2 கிலோ. கனமான கண்ணாடி டம்ளரில் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடும், மெல்லிய டம்ளர் தாங்கிவிடும். பார்த்திருப்பீர்கள். தடிமன் கூடக் கூட உள்பக்கச் சூடு வெளிப்பக்கம் போய்ச் சேர நேரமாகிறது, அதற்குள் உள்பக்கம் விரியப் பார்க்கிறது. டிரம்முக்கும் அதே கதைதான். அதன் மேல்பக்கத்துக்கும் அடிப்பக்கத்துக்கும் இடையே சுமார் 50 டிகிரிக்கு மேல் வித்தியாசம் வரக் கூடாது என்று கண்ட்ரோல் ரூமில் கண் வைத்துக்கொண்டே இருப்போம். ஆகவே அவசரமே இல்லாமல், மணிக்கு இத்தனை டிகிரி என்றுதான் சூடேற்ற முடியும்.

நீராவி சுழற்றும் டர்பைனின் கதை வேறு. நிமிஷத்துக்கு 3,000 சுற்று, உள்ளே வரும் நீராவி 540 டிகிரியை ஒட்டி. சுற்றும் பாகத்துக்கும் நிற்கும் பாகத்துக்கும் நடுவே சில இடங்களில் ஒரு மில்லிமீட்டர்கூட இடைவெளி இருக்காது. இரண்டும் ஒரே வேகத்தில் சூடாகி ஒரே வேகத்தில் நீள வேண்டும், இல்லாவிட்டால் உரசும். நிறுத்தினாலும் நிம்மதி கிடையாது. சூடான ரோட்டாரை, அதாவது சுற்றும் பாகத்தை, அப்படியே விட்டால் மேல்பக்கம் சூடாகவும் கீழ்ப்பக்கம் ஆறியும் போய் வளைந்துவிடும். அதனால் பாரிங் கியர் என்ற ஏற்பாட்டைப் போட்டு மெதுவாக உருட்டிக்கொண்டே இருப்போம். நாள் கணக்கில் உருளும். நின்றுபோன யூனிட்டிலும் ராத்திரி ஷிப்டுக்கு ஆள் இருப்பது இதற்காகவும்தான்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். தொண்ணூறுகளில் ஒரு கோடை. நாலு நாள் வேலைக்காக நிறுத்தியிருந்த யூனிட்டைத் திரும்ப எழுப்புகிறோம். பாய்லர் சுத்தமாக ஆறிவிட்டது, அதாவது கோல்ட் ஸ்டார்ட். சாயங்காலப் பீக்குக்குள் யூனிட் லைனில் இருக்க வேண்டும் என்று மாநிலத்தின் மின்சார வரத்தையும் தேவையையும் சரிக்கட்டும் லோடு டெஸ்பாட்ச்சிலிருந்து போன் மேல் போன். எண்ணெய் பீய்ச்சி எரிக்கும் ஆயில் கன் போட்டு லைட் அப் செய்தாகிவிட்டது. எங்களுடன் ஒரு பாய்லர் ஆபரேட்டர் இருந்தார். எங்களுக்கெல்லாம் அண்ணன், இன்ஜினியர்களுக்கும் அண்ணன்தான். பாய்லரின் நாலு மூலையிலும் அது எவ்வளவு கீழே இறங்கியிருக்கிறது என்று காட்டும் முள் ஒன்று இருக்கும், சாதாரண இரும்புத் துண்டு, பக்கத்தில் அளவுக் கோடு. அவர் டார்ச் எடுத்துக்கொண்டு ஏறிப் போய் நாலையும் பார்த்துவிட்டு இறங்கி வந்து, மூன்று மூலை இறங்கியிருக்கிறது, பின்பக்க இடது மூலை நகரவே இல்லை, எங்கேயோ பிடிக்கிறது, ஒரு மணி நேரம் நிறுத்திப் பார்ப்போம் என்றார். கண்ட்ரோல் ரூமில் அந்த ஒரு மணி நேரம் யாரிடமும் இல்லை. நானும் அவர் பக்கம் பேசவில்லை, அதை மறைக்க விரும்பவில்லை. யூனிட் பீக்குக்கு முன்பே சிங்க்ரனைஸ் ஆனது, அதாவது லைனோடு இணைந்தது, எல்லோருக்கும் டீ வந்தது. பதினேழு நாள் கழித்து அதே மூலையில் டியூப் லீக். குக்கர் விசில் அடிக்காமல் சீறிக்கொண்டே இருக்குமே, அந்தச் சத்தம் முப்பது மடங்கு. யூனிட்டை மறுபடி இறக்கி, ஆறவிட்டு, உள்ளே சாரம் கட்டி, வெட்டி ஒட்டி எடுக்க மூன்று நாள் போயிற்று. அந்த ஒரு மணி நேரத்தை அன்றைக்கே கொடுத்திருக்கலாம்.

இப்போது உங்கள் யோசனைக்கு வருவோம். தினமும் காலையில் அணைத்துச் சாயங்காலம் பற்றவைத்தால் அது கோல்ட் ஸ்டார்ட் ஆகாது. ஆறேழு மணி நேரத்தில் பாய்லர் அவ்வளவாக ஆறாது, டர்பைன் சூடாகவே இருக்கும். ஹாட் ஸ்டார்ட் என்போம். இரண்டு மூன்று மணி நேரத்தில் லைனுக்கு வந்துவிடலாம். இதற்கு டூ ஷிப்டிங் என்று பெயர், பிரிட்டனில் பெரிய பெரிய கரி யூனிட்டுகளைப் பல வருஷம் இப்படி ஓட்டியிருக்கிறார்கள். ஆக, "முடியவே முடியாது" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

முடியும், ஆனால் ஒவ்வொரு தடவையும் விலை உண்டு. பாய்லரைக் கரி போட்டுப் பற்றவைக்க முடியாது. பொடியாக்கிய கரி தானாக எரியும் அளவுக்குச் சூடு வரும்வரை எண்ணெய்தான். இந்த அளவு யூனிட்டுக்குக் கோல்ட் ஸ்டார்ட் என்றால் 50,000 லிட்டர், அதாவது நாலு டேங்கர் லாரி. ஹாட் ஸ்டார்ட்டுக்கு 20,000 லிட்டர். ஒழுங்குமுறை ஆணையங்கள் கணக்கில் ஒத்துக்கொள்ளும் அளவே இப்படித்தான். ஒரு யூனிட்டுக்குத் தினம் 20,000 லிட்டர் எண்ணெய் என்று வைத்து முப்பது நாளுக்குப் பெருக்கிப் பாருங்கள். கரியை மிச்சம் பிடிக்கப் போய் எண்ணெயை ஊற்றிக்கொண்டிருப்போம். அப்புறம் உலோகச் சோர்வு. கம்பியை ஒரு தடவை மடக்கினால் ஒன்றும் ஆகாது, மடக்கி மடக்கி நிமிர்த்தினால் ஒடியும். யூனிட் முப்பது வருஷம் தொடர்ந்து ஓடும் என்று நினைத்து வடிவமைக்கப்பட்டது. அதைத் தினமும் மடக்கி நிமிர்த்துகிறோம்.

இந்தச் சோர்வு உண்டு என்பதில் சந்தேகமே இல்லை. ஆயுளில் எவ்வளவு குறையும் என்பதுதான் சண்டை. இயந்திரம் விற்றவர்கள் ஒன்று சொல்வார்கள், நிலையத்தை நடத்துபவர்கள் இன்னொன்று. எங்கள் ஆட்கள் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள், நானே சொல்லியிருக்கிறேன். யூனிட்டை ஆடாமல் அசையாமல் ஒரே லோடில் ஓட்டுவதுதான் எங்களுக்குச் சுகம். அந்தச் சுகத்தையும் இயந்திரத்தின் எல்லையையும் குழப்பிக்கொள்வது எங்கள் தொழிலில் பழைய வழக்கம்.

நடைமுறையில் என்ன செய்கிறார்கள் என்றால், அணைப்பதில்லை, தணிக்கிறார்கள். பேக் டவுன் என்போம். 210-இல் ஓடும் யூனிட்டை மதியம் 115-க்கு இறக்கி, சாயங்காலம் ஏற்றுவது. 55 சதவீதம் என்பது பல வருஷமாக இருந்த அடிமட்டம். மத்திய மின்சார ஆணையம் 2023-இல் கொண்டுவந்த விதிப்படி இதைப் படிப்படியாக 40 சதவீதத்துக்கு இறக்க வேண்டும். ஏற்றி இறக்கும் வேகத்தையும் நிர்ணயித்திருக்கிறார்கள்: 70-க்கு மேல் நிமிஷத்துக்கு 3 சதவீதம், 55-இலிருந்து 70 வரை 2, அதற்குக் கீழே 1. அடியில் போகப் போக ஏன் மெதுவாக? நெருப்பு நடுங்கும். எங்கள் பாய்லரில் ஆறு மில், கரியை முகப்பவுடர் மாதிரி அரைத்து ஊதும். முழு லோடில் நாலைந்து மில் ஓடும். பாதி லோடில் மூன்று. அதற்கும் கீழே இரண்டு மில்லில் அவ்வளவு பெரிய உலைக்குள் தீ ஒழுங்காக நிற்காது. ஈரக் கரி வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். தீயைக் கண்காணிக்கும் ஸ்கேனர் ஒரு கணம் தீ தெரியவில்லை என்று சொன்னால் பாதுகாப்புக்காக யூனிட்டே ட்ரிப் ஆகும், அதாவது தானாக நின்றுவிடும். அதற்குப் பயந்து ஆயில் கன்னைப் பாதுகாப்பாகப் பக்கத்தில் எரியவிடுவோம், மறுபடி எண்ணெய். ஆனால் பர்னரையும் கண்ட்ரோல் முறையையும் சரி செய்தால் 40-க்கு இறங்க முடியும். 2018-இலேயே தாத்ரியில் 490 மெகாவாட் யூனிட் ஒன்றை அந்த அளவுக்கு இறக்கிக் காட்டியிருக்கிறார்கள்.

தணித்து ஓட்டுவதும் இலவசம் கிடையாது. பாதி லோடில் ஓடும் யூனிட், மீட்டர் கணக்கில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஐந்தாறு சதவீதம் கூடுதலாகக் கரி தின்னும். கீழே போகப் போக இன்னும் மோசம். ஃபேனும் பம்பும் தின்னும் கரன்ட் பாதியாகிவிடுவதில்லையே. சைக்கிள் கேப்பில் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: யூனிட்டுகளை வாரக் கணக்கில் முழுசாக அணைத்து வைக்கும் காலமும் நம்மிடம் உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை, ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காட்டுக் கணவாய்களில் காற்று பிய்த்துக்கொண்டு போகும் மாதங்கள். வருஷாந்தர ஓவர்ஹாலை அப்போதுதான் போடுவோம். ஆடிக் காற்று எங்களுக்கு லீவு இல்லை, கிரீஸும் சாம்பலுமாக வேலை செய்யும் காலம்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். 20,000 மெகாவாட் என்பது நிறுவிய திறன். அது ஒரு பானையின் கொள்ளளவு, அதில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பது வேறு. சோலார் மதியம் பன்னிரண்டைச் சுற்றி நிறைந்து, சாயங்காலம் ஆறரைக்கு வற்றிவிடும். காற்று நல்ல நாளில் 5,000 மெகாவாட்டைத் தாண்டும், தை மாசியில் சில நாள் சில நூறுகளுக்கு வந்து நிற்கும். தேவையோ வேறு கணக்கில் போகிறது. முன்பெல்லாம் சாயங்காலம் விளக்கு போடும் நேரம்தான் பீக். இப்போது கோடையில் சென்னையின் ஏ.சி. லோடு நள்ளிரவு தாண்டியும் இறங்க மாட்டேன் என்கிறது. சூரியன் போய் ஆறு மணி நேரத்துக்குப் பிறகும் கொதிக்கிற ராத்திரிகள்.

ஆகவே மதியம் இரண்டு மணிக்குக் கரி யூனிட் ஓடுவது இரண்டு மணித் தேவைக்காக மட்டும் இல்லை. ஏழு மணிக்கு அங்கே இருக்க வேண்டும் என்பதற்காக, தணிந்த தீயில் காத்திருக்கிறது. கல்யாண வீட்டில் பந்தி முடிந்த பிறகும் அடுப்பை அணைக்காமல் கரியை ஒதுக்கி வைப்பார்களே, அதுபோல. இன்னொரு காரணம், அதிகம் பேசப்படாதது. டன் கணக்கில் கனமான ரோட்டார்கள் 3,000 சுற்றில் ஓடிக்கொண்டிருப்பதால்தான், எங்கேயோ ஒரு பெரிய யூனிட் திடீரென்று விழுந்தாலும் கரன்ட்டின் 50 ஹெர்ட்ஸ் துடிப்பு உடனே சரிந்துவிடாமல் சில விநாடி தாக்குப்பிடிக்கிறது. சோலார் இன்வர்ட்டரில் சுற்றும் எடை எதுவும் இல்லை. பேட்டரியோடு சேர்த்து அந்த வேலையை மின்னணு முறையில் செய்ய வைக்கலாம், செய்தும் வருகிறார்கள். 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வடக்கே கிரிட், அதாவது மின்கம்பிப் பிணையம், விழுந்து பாதி நாடு இருண்டபோது தெற்கு தப்பியது ஞாபகம் இருக்கிறதா? அப்போது தென்னகக் கிரிட் மற்றவற்றோடு ஒரே தாளத்தில் இணைக்கப்பட்டிருக்கவில்லை. 2013 டிசம்பர் 31-இல் ராய்ச்சூர் சோலாப்பூர் லைன் வழியாகத்தான் இணைந்தது. இப்போது நாடு முழுக்க ஒரே துடிப்பு.

இவ்வளவும் படித்துவிட்டு நான் கரிக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று நினைக்க வேண்டாம். கரி என்ன செய்கிறது என்பதைச் சாம்பலில் நின்று பார்த்தவன் நான். கணக்கை நேராகப் போட்டுவிடலாம். நம் நாட்டுக் கரியில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு சுமார் 700 கிராம் கரி வேண்டும். தூத்துக்குடி அனல்மின் நிலையம் ஐந்து 210 சேர்ந்து 1,050 மெகாவாட். ஐந்தும் முழு லோடில் ஓடினால் ஒரு நாளைக்கு 17,000 டன்னுக்கு மேல். அது ஒடிசாவின் தால்ச்சேர் பக்கத்துச் சுரங்கங்களில் வெட்டி, ரயிலில் பாரதீப் வந்து, கப்பலேறி, வங்கக் கடலோரமாக இறங்கி வர வேண்டும். இதற்காகவே 1974-இல் பூம்புகார் கப்பல் கழகத்தை மாநில அரசு தொடங்கியது. எண்ணூர்த் துறைமுகம் 2001-இல் திறந்ததும் முதலில் கரிக்காகத்தான். 50,000 டன் கப்பல் ஒன்று வந்தால் தூத்துக்குடிக்கு மூன்று நாள் தாங்காது. வடகிழக்குப் பருவமழையில் கரி நனைந்து வரும், கரியைச் சேர்த்து வைக்கும் பங்கரில் சேறு மாதிரி ஒட்டிக்கொண்டு இறங்காது. ராத்திரி இரண்டு மணிக்கு ஒப்பந்தத் தொழிலாளர்கள் சம்மட்டியால் பங்கரின் தகட்டை அடிக்கும் சத்தம் நிலையம் முழுக்கக் கேட்கும். யாருடைய மின்கட்டண ரசீதிலும் அந்தச் சத்தத்தைப் பற்றி ஒரு வரி இருக்காது.

அந்த 17,000 டன்னில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எரியவே எரியாத மண். நம் நாட்டுக் கரியில் சாம்பல் 30 முதல் 45 சதவீதம். ஒரே நிலையத்திலிருந்து நாளைக்கு 6,000 டன் சாம்பல். சிமென்ட்டுக்குப் போகிறது, செங்கல்லுக்குப் போகிறது, மீதியைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியாகச் சாம்பல் குளத்துக்கு அனுப்புகிறோம். குழாய் தேயும், உடையும். எண்ணூர்க் கழிமுகத்தில் கொசஸ்தலையாற்றின் அடியில் படிந்திருக்கும் சாம்பலைப் பற்றி அங்கே இறால் பிடிப்பவர்கள் வருஷக் கணக்காகச் சொல்லி வருகிறார்கள். கால் வைத்தால் தெரியும் என்பார்கள், தெரியத்தான் செய்கிறது.

கரியமில வாயு கண்ணுக்குத் தெரியாது, எடை மட்டும் உண்டு. 700 கிராம் கரி எரிந்தால் வருவது ஏறக்குறைய ஒரு கிலோ. எரிக்கும் கரியைவிட வரும் வாயு எப்படிக் கனம் என்று ஆச்சரியப்படுவார்கள். கரியில் உள்ள கார்பன் காற்றிலிருந்து ஆக்சிஜனை இழுத்துக்கொள்கிறது, கூடுதல் எடை அதுதான். இத்தனைக்கும் கரியில் இருக்கும் வெப்பத்தில் 35 சதவீதம்போலத்தான் மின்சாரமாகிறது. பாதிக்குக் கொஞ்சம் குறைய, நீராவியைத் திரும்பத் தண்ணீராக்கும் கண்டன்சர் வழியாகக் கடலுக்கோ கூலிங் டவருக்கோ போய்விடும். இன்னும் அதிக அழுத்தத்தில் ஓடும் 800 மெகாவாட் சூப்பர் கிரிட்டிக்கல் யூனிட், வட சென்னையில் 2024-இல் திறந்தது மாதிரி, இன்னும் நாலைந்து சதவீதம் கூடுதலாகக் கறக்கும். அவ்வளவுதான், மாயம் எதுவும் இல்லை. ஆமாம், செய்தித்தாள்களில் மாசு என்று போடும் படத்தில் இடுப்பு ஒடுங்கிய பெரிய கோபுரத்திலிருந்து வெள்ளையாக எழுவது வெறும் தண்ணீர் ஆவி. கெடுதல் வருவது பக்கத்தில் ஒல்லியாக நிற்கும் புகைபோக்கியிலிருந்து. சாம்பல் பிடிக்கும் ஈ.எஸ்.பி. நன்றாக ஓடினால் அதில் அனேகமாக எதுவுமே தெரியாது.

நெய்வேலியைத் தனியாகச் சொல்ல வேண்டும். அங்கே கப்பல் தொல்லை இல்லை, பழுப்பு நிலக்கரி காலடியிலேயே இருக்கிறது. ஆனால் அதில் பாதி எடை தண்ணீர். உலைக்குள் போனதும் முதல் வேலையாக அந்தத் தண்ணீரைக் கொதிக்க வைத்தாக வேண்டும். சாம்பல் மிகக் குறைவு, அது ஒரு நிம்மதி. சுரங்கத்தின் அடியில் அழுத்தத்தோடு நிற்கும் நிலத்தடி நீரை இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருந்தால்தான் தோண்டவே முடியும். சோவியத் உதவியோடு 1962-இல் ஓடத் தொடங்கிய அங்கத்திய முதல் அனல்மின் நிலையம் 2020-இல்தான் ஓய்ந்தது. 25 வருஷம் என்று போட்ட இயந்திரம் அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் உழைத்தது.

எரிவாயு இருந்தால் உங்கள் கேள்விக்கே இடமில்லை. கேஸ் டர்பைனைச் சில நிமிஷங்களில் எழுப்பலாம், இறக்கலாம். பிரிட்டன் 2024 செப்டம்பர் 30-இல் கடைசிக் கரி நிலையத்தை மூட முடிந்ததற்குக் காற்றாலையோடு கேஸும் பெரிய காரணம். நம்மிடம் குத்தாலம், வழுதூர், திருமாக்கோட்டையில் இருப்பவை நூறு மெகாவாட் அளவில் சின்னச் சின்னவை, காவிரிப் படுகை எரிவாயுவை நம்பியவை. நாடு முழுக்க 20,000 மெகாவாட்டுக்கு மேல் கேஸ் நிலையங்கள் கட்டி வைத்திருக்கிறோம், எரிவாயு இல்லாமல் அவற்றில் பெரும்பகுதி சும்மா கிடக்கிறது. இறக்குமதி கேஸில் ஓட்டினால் கட்டுப்படியாகாது.

கந்தகப் புகை விஷயத்தில் என் துறைக்குள்ளேயே இரண்டு கட்சி. 2015 டிசம்பரில் வந்த விதி கந்தகப் புகைக்கு வரம்பு வைத்தது. அதற்குள் வர, புகையிலிருந்து கந்தகத்தைக் கழுவும் எஃப்.ஜி.டி. கருவி அனேகமாக எல்லா நிலையத்துக்கும் வேண்டும். கெடு தள்ளித் தள்ளிப் போய், 2025 ஜூலையில் பெரும்பாலான நிலையங்களுக்கு விலக்கே கொடுத்துவிட்டார்கள். டெல்லி வட்டாரத்தையும் பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள நகரங்களையும் ஒட்டி 10 கிலோமீட்டருக்குள் இருப்பவை மட்டும் கட்டாயம் போட வேண்டும். நம் கரியில் கந்தகம் அரை சதவீதம்தான், அதனால் பரவாயில்லை என்பது ஒரு வாதம். கந்தகம் புகைபோக்கியைத் தாண்டிய பிறகு காற்றில் நுண்துகளாக மாறி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போகும், 10 கிலோமீட்டர் கணக்கு அதற்குப் பொருந்தாது என்பது மறுவாதம். எனக்கு இரண்டாவதுதான் சரியாகப் படுகிறது. ஆனால் நான் பாய்லர்காரன், காற்றில் அது எங்கே போகிறது என்று அளந்தவன் இல்லை.

லாபி பற்றி. யாரோ ஒளிந்திருந்து தடுக்க வேண்டிய அவசியமே இல்லாதபடி ஏற்பாடு இருக்கிறது என்பதுதான் தள்ளி நின்று பார்த்த என் அபிப்பிராயம். கரி நிலையத்துக்கு இரண்டு வகைக் கட்டணம்: ஓடினாலும் ஓடாவிட்டாலும் தர வேண்டிய நிலையான கட்டணம் ஒன்று, எரித்த கரிக்கு ஏற்ற கட்டணம் ஒன்று. யூனிட்டை அணைத்தால் இரண்டாவது மட்டும்தான் மிச்சம். 25 வருஷ ஒப்பந்தம் போட்டுக் கடன் வாங்கிக் கட்டிய நிலையத்தை வெயில் அடிக்கிறது என்று மூட யாருக்கும் மனசு வராது. வாடகை கொடுத்த வீட்டைப் பூட்டி வைத்துவிட்டு ஹோட்டலில் தங்குகிற மாதிரி.

அப்படியானால் கரியை வெளியேற்றுவது எது? ராத்திரிக்கு மின்சாரத்தைப் பத்திரப்படுத்தி வைப்பது. அதற்குப் பேட்டரிதான் வேண்டும் என்று இல்லை. ஆனைமலையில் காடம்பாறை நீர்மின் நிலையம் 1980-களில் இதைச் செய்யத்தான் கட்டப்பட்டது. நாலு 100 மெகாவாட் இயந்திரங்கள். மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் கீழே மேல் ஆழியாறு அணையிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றி, பீக்கில் இறக்கி மின்சாரம் எடுப்பார்கள். கட்டிய காலத்தில் மிஞ்சியது ராத்திரிக் கரி கரன்ட். இனி அதே பம்பை மதிய வெயிலில் ஓட்டலாம். குந்தாவில் 500 மெகாவாட்டுக்கு இன்னொன்று கட்டுகிறார்கள். காடம்பாறை மாதிரி பத்து இருந்திருந்தால் பேச்சே வேறு. ஒன்றோடு நிறுத்திவிட்டு முப்பது வருஷம் சும்மா இருந்தோம். எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான், லாபி விஷயத்தில் இல்லை.

கடைசியாக உங்கள் மாடி. 3 கிலோவாட் பேனல் நம் வெயிலுக்கு நாளைக்கு 12 யூனிட் போலத் தரும். பேட்டரி இல்லை என்று எடுத்துக்கொள்கிறேன். பகலில் நீங்கள் எரிப்பது பெரும்பாலும் உங்கள் வெயில். மிஞ்சியது தெருவில் பக்கத்து வீடுகளுக்குப் போகிறது. பொழுது சாய்ந்ததும் மீட்டர் திரும்புகிறது. அதற்குப் பிறகு உங்கள் ஏ.சி.க்குள் வருவதில் பெரிய பங்கு கரி, கொஞ்சம் கூடங்குளமும் கல்பாக்கமும், சீசனாக இருந்தால் காற்று. இதை மீட்டர் ரசீதில் பிரித்துப் பார்க்க முடியாது, கம்பியில் எல்லாம் கலந்துதான் வரும். கரன்ட் போனதும் நல்ல வெயிலிலும் உங்கள் பேனல் அணைந்துவிடுவதைக் கவனித்திருப்பீர்கள், அது பழுது இல்லை. கம்பத்தில் ஏறும் லைன்மேனுக்கு உங்கள் மாடியிலிருந்து ஷாக் அடிக்கக் கூடாது என்று இன்வர்ட்டர் தானாக நிறுத்திக்கொள்கிறது. அந்த 12 யூனிட்டைக் கரியில் எடுத்திருந்தால் எட்டுக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல் கரி எரிந்திருக்கும், மூன்று கிலோ சாம்பல் குழாயில் போயிருக்கும். மோட்டாரையும் வாஷிங் மெஷினையும் பதினொன்றிலிருந்து மூன்றுக்குள் போட்டுக்கொள்ளுங்கள்.